நபிகள் நாயகமும் ஏழாம் நூற்றாண்டுச் சான்றுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"முகம்மது நபி என்று ஒருவர் வாழ்ந்ததே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வரும். "அவர் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் அன்றன்றே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது" என்று மறுநாளே அதற்கு ஒரு பதிலும் வரும். இரண்டையும் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இரண்டு காணொளியும் தவறு என்பது என் முடிவு. வஹீ, அதாவது நபிக்கு இறைச்செய்தி, வந்ததா என்பது நம்பிக்கை சார்ந்த கேள்வி, அதை வரலாற்று ஆய்வால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோலும் பாப்பிரஸ் என்ற நாணல் தாளும் கல்லும் காசும் இன்று நம் கையில் இருக்கின்றன. அவை என்ன சொல்கின்றன என்று எந்த மதத்தவரும் உட்கார்ந்து பேசலாம்.

முகம்மது நபி உண்மையில் வாழ்ந்தவர்தானா?

ஆம். இதில் சந்தேகப்பட இடமில்லை.

அவரைப் பற்றி முதலில் எழுதியவர்கள் அவரைப் பின்பற்றியவர்கள் அல்லர் என்பதுதான் இதில் வலுவான செய்தி. 640 வாக்கில் தாமஸ் என்ற கிறித்தவப் பாதிரியார் சிரியாக் மொழியில் ஒரு குறிப்பு எழுதினார். 634 பிப்ரவரியில் காசாவுக்குக் கிழக்கே 12 மைலில் ரோமருக்கும் "முஹம்மதின் அரபியருக்கும்" சண்டை நடந்தது, ரோமர்கள் ஓடினார்கள், பாலஸ்தீன ஏழைக் கிராமத்தார் சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்கிறது அது. நபி இறந்ததாக மரபு சொல்லும் ஆண்டு 632. பத்து ஆண்டுகூட ஆகாத நிலையில், தோற்ற தரப்பைச் சேர்ந்த ஒருவர் அவர் பெயரை எழுதியிருக்கிறார்.

660களில் ஆர்மீனிய மொழியில் ஒரு வரலாறு எழுதப்பட்டது. செபியோஸ் என்பவர் பெயரால் அது வழங்குகிறது. முகம்மது ஒரு வணிகர், மோசேயின் வரலாற்றை நன்கு அறிந்தவர், தம் மக்களை ஆபிரகாமின் கடவுளிடம் திரும்பச் சொன்னார், செத்த பிராணியின் இறைச்சி, மது, பொய், விபசாரம் ஆகியவற்றைத் தடுத்தார் என்று அதில் இருக்கிறது. எழுதியவருக்கு அவர்மேல் பக்தியோ பாசமோ கிடையாது. ஆனாலும் இன்று ஒரு மதரஸாப் பிள்ளை சொல்லும் அடிப்படைத் தகவல்களோடு அவர் எழுதியது பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

எல்லாம் ஒத்துப்போகிறதா? முரண்பாடே இல்லையா?

இருக்கிறது. 634ஐ ஒட்டி நடந்ததாகச் சொல்லப்படும் ஓர் உரையாடல் நூல் கிரேக்கத்தில் உண்டு. வாளோடும் தேரோடும் ஒரு தீர்க்கதரிசி வருவாரா என்று ஒரு யூதப் பெரியவர் அதில் சந்தேகத்தோடு கேட்கிறார். நபி இன்னும் உயிரோடு இருப்பதுபோல் அந்தப் பகுதி தொனிக்கிறது. மரபின்படி அதற்குள் அவர் இறந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. 632 என்ற ஆண்டே தவறாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். தூரத்து ஊரில் கேள்விப்பட்டு எழுதியவருக்குத் தலைவர் இறந்தது தெரியாமல் போயிருக்கலாம் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் முதல் வாதத்தைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது.

அரபியரே எழுதிய மிகப் பழைய ஆவணம் ஏதாவது உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆஸ்திரியத் தேசிய நூலகத்தின் பாப்பிரஸ் தொகுப்பில், வியன்னாவில், ஒரு ரசீது இருக்கிறது. எகிப்தின் ஹெராக்ளியோபோலிஸ் என்ற ஊரில் எழுதப்பட்டது. மேலே கிரேக்கம், கீழே அரபி. அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்ற படைத்தலைவர், தம் ஆட்களின் சாப்பாட்டுக்காக உள்ளூர் அதிகாரிகளிடம் ஆடு வாங்கியிருக்கிறார். அறுப்பதற்கு 50 ஆடு, அப்புறம் இன்னொரு 15 ஆடு. கொடுத்தவர்கள் கிறித்தவர்கள், அவர்கள் பெயரும் அதில் இருக்கிறது. அரபிப் பகுதியை எழுதியவர் கடைசியில் "எழுதியது இப்னு ஹதீத்" என்று தன் பெயரைப் போட்டிருக்கிறார். தொடக்கத்தில் பிஸ்மில்லாஹ், அதாவது 'இறைவன் பெயரால்'. தேதி, 22ஆம் ஆண்டு ஜுமாதல் ஊலா மாதம். கிரேக்கப் பகுதியில் உள்ள தேதியைக் கணக்கிட்டால் அது 643 ஏப்ரல் 25.

643இல் எழுதிய ஒரு குமாஸ்தா "22ஆம் ஆண்டு" என்கிறார் என்றால், 622இல் நடந்த ஏதோ ஒன்றிலிருந்து எல்லாரும் ஆண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று ஆகிறது. மரபும் அதே 622ஐத்தான் ஹிஜ்ரத், அதாவது நபி மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தது, நடந்த ஆண்டாகச் சொல்கிறது. பின்னாளில் எவரும் உட்கார்ந்து இட்டுக்கட்டிய ஆண்டு அது இல்லை என்பதற்கு இந்த ஆட்டு ரசீது போதும்.

இன்னொன்றும் உண்டு. ரசீதின் பின்புறம் ஒரு கிரேக்கக் குறிப்பு. வந்திறங்கிய "மகரிதை"களுக்குக் கொடுத்த ஆடுகள், இவ்வாண்டு வரியில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று. முஹாஜிர் என்ற சொல்லைத்தான் கிரேக்க நாக்கு அப்படி ஆக்கியிருக்கிறது. ஹிஜ்ரத் செய்தவர்கள் என்பது அன்றைக்கே அவர்களின் பெயராக இருந்திருக்கிறது.

அப்படியானால் ஆரம்பக் காசுகளிலும் கல்வெட்டுகளிலும் நபியின் பெயர் ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலையில், அவர் பெயர் பொறித்து நமக்குக் கிடைக்கும் முதல் காசு ஹிஜ்ரி 66ஐச் சேர்ந்தது (685-86). ஈரானின் பீஷாபூரில் அடித்த திர்ஹம் என்ற வெள்ளிக் காசு. அதற்கு முன் ஏறத்தாழ 50 ஆண்டு, அரசாங்கம் வெளியிட்ட எதிலும் அவர் பெயர் தென்படவில்லை. கலீஃபா முஆவியா 662இல் ஹம்மத் கதேர் என்ற இடத்தில் வெந்நீர்க் குளியலிடத்தைப் பழுதுபார்த்தார். அங்குள்ள கிரேக்கக் கல்வெட்டு அவரை அமீருல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் தலைவர்) என்று அரபிப் பட்டத்தோடு சொல்கிறது, "அரபியர் கணக்கில் 42ஆம் ஆண்டு" என்கிறது. நபியின் பெயர் இல்லை. கல்வெட்டின் தொடக்கத்தில் ஒரு சிலுவைகூட இருக்கிறது!

காரணம் என்ன? வென்றவர்கள் பழைய நிர்வாகத்தையும் பழைய காசையும் எழுத்தர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாரசீக மன்னர் உருவம் போட்ட காசின் ஓரத்தில் பிஸ்மில்லாஹ் என்று சேர்த்துப் புழங்கினார்கள், அவ்வளவுதான். அரசாங்கத்துக்கு மதம் பேசும் தேவை பிறகுதான் வந்தது. 680களில் கலீஃபா பதவிக்கு இப்னு ஸுபைர் என்பவர் ஒரு பக்கம், முஆவியாவின் குலத்தாரான உமையாக்கள் ஒரு பக்கம் என்று உள்நாட்டுப் போர் மூண்டது. அந்தப் பீஷாபூர் காசு ஸுபைர் தரப்பு ஆளுநர் அடித்தது. நபியின் வழியில் நிற்பது நாங்கள்தான் என்று இரு தரப்பும் காட்ட வேண்டியிருந்தது. வென்ற உமையா கலீஃபா அப்துல் மலிக் ஜெருசலேமில் பாறைக் குவிமாடம் கட்டி, ஹிஜ்ரி 72 என்று தேதியிட்டு, உள்ளே சுற்றிலும் ஏறக்குறைய 240 மீட்டர் நீளத்துக்கு எழுத்துப் பொறித்தார். அதில் முகம்மது இறைத்தூதர் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. ஈசா மர்யமின் மகன், "மூன்று என்று சொல்லாதீர்கள்" என்பவையும் வருகின்றன. ஹிஜ்ரி 77இல் உருவமே இல்லாத, எழுத்து மட்டும் கொண்ட தங்கக் காசு வந்தது.

பெயர் திடீரென்று அரசு வெளியீடுகளில் முளைத்தது உண்மை. அதை வைத்து ஆளே அப்போதுதான் கற்பனையில் பிறந்தார் என்று சிலர் எழுதினார்கள். "முஹம்மத்" என்றால் புகழப்பட்டவர், அது முதலில் இயேசுவுக்கான அடைமொழி என்றுகூட ஒரு வாதம் உண்டு. 640இல் காசாவைப் பற்றி எழுதிய பாதிரியார் யாருடைய அரபியர் என்று எழுதினார் என்று அவர்களிடம் கேளுங்கள். கிறித்தவப் பாதிரியார் இயேசுவின் படையிடம் ரோமர் தோற்றதாகவா எழுதுவார்?

குர்ஆன் எப்போது எழுத்து வடிவம் பெற்றது?

மரபின்படி, மூன்றாம் கலீஃபா உஸ்மான் 650 வாக்கில் ஒரே பிரதியாகத் தொகுத்து ஊர்களுக்கு அனுப்பினார். 1970களில் இதை மறுத்து, இன்றுள்ள வடிவம் வர 150, 200 ஆண்டு ஆனது என்று ஜான் வான்ஸ்பரோ என்ற மேலை ஆய்வாளர் வாதிட்டார். ஒரு தலைமுறைக்கு அந்தக் கருத்து பல்கலைக்கழகங்களில் செல்வாக்கோடு இருந்தது.

அதை வீழ்த்தியவை கையெழுத்துப் பிரதிகள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் இரண்டு தோல் ஏடுகளைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்கள். 568க்கும் 645க்கும் இடைப்பட்டது, உறுதி 95.4 சதவீதம் என்று 2015 ஜூலையில் அறிவித்தார்கள். குர்ஆனின் 18, 19, 20ஆம் சூராக்களின் (அத்தியாயங்களின்) பகுதிகள் அவை. இன்றைய குர்ஆனோடு வைத்துப் படித்தால் ஏறக்குறைய அதே வாசகம். ஆனால் அந்தச் சோதனை ஆடோ செம்மறியோ செத்த காலத்தைத்தான் காட்டும், மை தொட்டு எழுதிய நாளைக் காட்டாது. ஆகவே "நபியின் காலத்துக்கு முன்பே குர்ஆன் இருந்தது" என்று 568ஐ மட்டும் பிடித்துக்கொண்டு எழுதிய பத்திரிகைகளும் தவறு செய்தன.

ஸனா பிரதி இன்னும் சுவையானது. ஏமன் தலைநகரின் பெரிய பள்ளிவாசலில் 1972இல் பழுதுபார்க்கும்போது பழைய ஏடுகள் குவியலாக அகப்பட்டன. அதில் ஒரு பிரதியில், முதலில் எழுதியதைக் கழுவி அழித்துவிட்டு மேலே திரும்ப எழுதியிருக்கிறார்கள். புறஊதா ஒளியில் அடி எழுத்து தெரிகிறது. அதுவும் குர்ஆன்தான், ஆனால் சூராக்களின் வரிசை வேறு, சில இடங்களில் சொற்கள் வேறு. ஓலைச்சுவடி ஒப்பிட்டவர்கள் பாடபேதம் என்பார்களே, அதேதான். சிலர் இதைக் குர்ஆனே பொய் என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் உஸ்மானின் தொகுப்புக்கு முன் இப்னு மஸ்ஊத், உபை போன்ற தோழர்களின் பிரதிகளில் வேறுபாடு இருந்ததாக முஸ்லிம் அறிஞர்களே ஆரம்பத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதற்கு இப்போது பொருள் சான்று கிடைத்திருக்கிறது. அதே நேரத்தில், ஒரு எழுத்துகூட ஒருபோதும் மாறியதில்லை என்று மேடையில் முழங்குபவர்களும் இந்த ஏட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குர்ஆனிலிருந்தே நபியின் வாழ்க்கையை எழுத முடியாதா?

முடியாது. முஹம்மத் என்ற பெயர் அதில் 4 இடங்களில்தான் வருகிறது. மூஸாவின் பெயர் 130 முறைக்கு மேல் வருகிறது. அவர் காலத்து மனிதர்களில் ஸைத், அபூலஹப் இருவர் தவிர யாரும் பெயரால் சொல்லப்படவில்லை. பத்ரு, ஹுனைன், யத்ரிப், மக்கா, குறைஷியர் என்று சில பெயர்கள் உண்டு. ரோமர்கள் தோற்றுவிட்டார்கள் என்ற 30ஆம் சூராவின் தொடக்கம், 614இல் பாரசீகர் ஜெருசலேமைப் பிடித்த காலத்தோடு பொருந்துகிறது. கதையாகக் கோக்க வேண்டுமானால் சீறா எனப்படும் நபியின் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்குத்தான் போக வேண்டும்.

சரி, சீறா நூல்களை எவ்வளவு நம்பலாம்?

மொத்த விவாதத்தின் மையமே இதுதான்.

நமக்குக் கிடைக்கும் முதல் முழு வாழ்க்கை வரலாறு இப்னு இஸ்ஹாக் தொகுத்தது. அவர் இறந்தது 767இல், அதாவது நபிக்கு 135 ஆண்டு கழித்து. அதுவும் நேராகக் கிடைக்கவில்லை. 833இல் இறந்த இப்னு ஹிஷாம் சுருக்கித் திருத்திய வடிவத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. பேசத் தகாத சிலவற்றையும், சிலர் மனம் புண்படும் சிலவற்றையும் விட்டுவிட்டேன் என்று அவரே முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்கிறார்.

நூறு ஆண்டு வாய்மொழியில் ஒரு வரலாறு என்ன ஆகும் என்பது தமிழ் வாசகர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீறா என்ற அரபிச் சொல்லே நமக்கு அந்த 5,027 பாட்டுகள் வழியாகத்தான் பழக்கம். அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை கொட்டி ஆறு பெருகுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். புலவர் பொய் சொல்லவில்லை. தன் தலைவர் பிறந்த நாடு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தமிழ்க் காப்பிய மரபு சொன்னதோ அப்படிப் பாடினார். அந்தப் பாட்டு எனக்கு உயிர். ஆனால் மக்காவில் நெல் விளைந்தது என்று அதை வைத்து யாரும் வாதாட மாட்டோம். எட்டாம் நூற்றாண்டு ஈராக்கில் எழுதப்பட்ட அரபி நூல்களிலும் இப்படி எது காலத்தின் கோலம், எது பழைய நினைவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் வரலாற்றாய்வாளர் கேட்பது.

பிரித்துப் பார்த்தால் பழையது நிறையவே தேறுகிறது. மதீனா சாசனம் ஒன்று போதும். நபிக்கும் மதீனாவின் குலங்களுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை அது. யூதர்களையும் இறைநம்பிக்கையாளரோடு சேர்த்து ஒரே சமூகமாகப் பேசுகிறது. அதன் அரபி பழைய நடை, இரத்தப் பழி, ஈட்டுத்தொகை என்று குல வழக்குகளால் நிறைந்தது. பின்னாளில் ஒருவர் இட்டுக்கட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். மரபை மிகக் கடுமையாகச் சந்தேகித்தவர்கள்கூட இதை உண்மையான ஆவணம் என்று ஏற்கிறார்கள்.

ஹதீஸ்களுக்கு அறிவிப்பாளர் வரிசை இருக்கிறதே, அது போதாதா?

ஹதீஸ் என்பது நபியின் சொல், செயல் பற்றிய செய்தி. யார் யாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு செய்திக்கும் வரிசை வைத்திருப்பது பெரிய உழைப்பு. அறிவிப்பாளர்களின் நாணயத்தையும் நினைவாற்றலையும் ஆராய்வதற்கென்றே ஒரு தனிக் கல்வியை முஸ்லிம் அறிஞர்கள் வளர்த்தார்கள். ஆனால் வரிசையையும் இட்டுக்கட்ட முடியும். புகாரி இமாம் போன்றவர்கள் குவிந்து கிடந்த செய்திகளில் மிகப் பெரும்பகுதியைத் தள்ளியதே அதனால்தான். மேலை ஆய்வாளர்களான கோல்ட்ஸிஹர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஷாக்ட் 1950இலும், பல ஹதீஸ்கள் பின்னாளைய சட்ட, அரசியல் சண்டைகளில் உருவானவை என்று காட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஹரால்ட் மோட்ஸ்கி என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். ஒரே செய்தியின் பல வடிவங்களை எடுத்து, வாசகம் மாறும் இடமும் வரிசை கிளைக்கும் இடமும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டார். சில செய்திகள் முதல் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. ஆயிஷா அம்மையாரின் அக்கா மகன் உர்வா சொன்னதாக வரும் செய்திகளில் ஒரு பகுதி அப்படிப்பட்டது. ஹிஜ்ரத், சில போர்கள் என்று கதையின் எலும்புக்கூடு அதில் தேறுகிறது. சதையும் தோலும் எல்லா இடத்திலும் தேறுவதில்லை.

அவர் பிறந்தது 570தானா?

உறுதியாகச் சொல்ல முடியாத ஆண்டு இது. அப்ரஹா யானையோடு மக்கா மேல் படையெடுத்த ஆண்டில் பிறந்தார் என்பது மரபு. அப்ரஹா கற்பனை ஆள் இல்லை, ஏமனை ஆண்ட மன்னர். முரைகான் என்ற இடத்தில் அவருடைய கல்வெட்டே இருக்கிறது, நடு அரேபியப் படையெடுப்பைப் பற்றி. அது 552ஐச் சேர்ந்தது. 570இல் அப்ரஹா ஆட்சியில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. நாற்பது வயதில் வஹீ என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணியும் 570 வந்திருக்கலாம். 622 கல்லில் பொறித்தது போல நிற்கிறது, 570 அப்படி நிற்கவில்லை.

இஸ்லாம் தோன்றியது மக்காவில் இல்லை, பெட்ராவில் என்கிறார்களே?

இணையத்தில் மிக வேகமாகப் பரவும் கதை இது. பழைய பள்ளிவாசல்களின் கிப்லா (தொழும் திசை) இன்றைய ஜோர்தானில் உள்ள பெட்ராவை நோக்குகிறது என்பதுதான் அதன் அடிப்படை. தூரத்து ஊருக்குத் துல்லியமாகத் திசை கணக்கிடும் கணிதமே அரபியருக்கு ஒன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன் சூரியன் உதிக்கும், மறையும் இடத்தையும் நட்சத்திரத்தையும் வைத்துத் தோராயமாகக் கட்டினார்கள். வரைபடத்தில் கோடு இழுத்து அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று இன்று சொல்ல முடியாது.

தவிர, பெட்ராவிலேயே 1993இல் ஒரு தேவாலயத்தில் கருகிய பாப்பிரஸ் சுருள்கள் சுமார் 140 கிடைத்தன. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சொத்துப் பிரிவினை, வரி, கல்யாணம் என்று ஒரு சாதாரணக் கிறித்தவ ஊரின் பத்திரங்கள். யாத்திரிகர் குவியும் கஅபா அங்கே இருந்ததற்கு ஒரு வரிகூட அகப்படவில்லை.

மக்காவைப் பற்றிய நியாயமான சந்தேகம் வேறு. நறுமணப் பொருள் வணிகத்தின் பெரிய மையம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதற்குச் சான்று இல்லை என்று பட்ரீஷியா குரோன் என்ற வரலாற்றாய்வாளர் 1987இல் காட்டினார். அது இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. பின்னர் அவரே, ரோமப் படைக்குத் தேவைப்பட்ட தோல் வணிகம் அங்கே நடந்திருக்கலாம் என்றும் எழுதினார்.

மேலை ஆய்வாளர் எல்லாரும் நபியை மறுப்பவர்கள்தானே?

இல்லை. இதே குரோனும் மைக்கேல் குக் என்ற இன்னோர் ஆய்வாளரும் 1977இல் அரபி நூல்களை முழுக்க ஒதுக்கிவிட்டு, வெளியார் எழுதியவற்றை மட்டும் வைத்து ஒரு புது வரலாறு எழுதிப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் நிற்கவில்லை. பின்னாளில் குரோன் எழுதிய கட்டுரை ஒன்றில், முகம்மது வாழ்ந்தவர் என்பதில் ஐயமில்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். சான்று வந்ததும் மாறிக்கொண்டவரை நான் மதிக்கிறேன். அவருடைய 1977 நூலை மட்டும் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பவர்கள் அவருக்குச் செய்வது அநியாயம்.

யூத, கிறித்தவக் கருத்துகளை எடுத்துத்தானே இஸ்லாம் உருவானது?

அரேபியா வெறும் பாலைவனமாகவும் சிலை வணக்கமாகவும் இருந்தது என்ற படம் மாறிவிட்டது. ஏமனின் ஹிம்யர் அரசர்கள் 380 வாக்கிலேயே பழைய தெய்வங்களை விட்டு, ஒரே இறைவனை வணங்கும் யூதச் சாயலுள்ள சமயத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கல்வெட்டுகளில் இறைவன் பெயர் ரஹ்மானன். 523இல் நஜ்ரானில் கிறித்தவர்கள் கொல்லப்பட்டது அன்றைய உலகையே உலுக்கிய செய்தி. மூஸா, ஈசா, இப்ராஹீம் பெயர்களைக் கேட்டால் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று குர்ஆனைக் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பல இடங்களில் கதையைச் சொல்லாமல் நினைவூட்டிவிட்டுத்தான் போகிறது. அதைக் களவு என்பது அறியாமை. நடந்துகொண்டிருந்த ஒரு வாதத்தில் குர்ஆன் தன் குரலை வைத்தது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

கேரள மன்னர் சேரமான் பெருமாள் மக்கா போனார், 629இல் கொடுங்கல்லூரில் பள்ளிவாசல் கட்டப்பட்டது என்பது சான்றாகுமா?

ஆகாது. அது அன்போடு காக்கப்படும் மரபு. ஏழாம் நூற்றாண்டு ஆவணம் எதுவும் அதற்கு இல்லை. இந்தக் கடற்கரையில் தேதியோடு உறுதியாகச் சொல்லக்கூடியது 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. ஒரு கிறித்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் இருக்கின்றன. சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பாரசீகம், எபிரேய எழுத்து மூன்றிலும் இருக்கின்றன. எனக்கு அதுவே போதுமான பெருமை.

இனிமேல் புதிதாக ஏதாவது கிடைக்குமா?

கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சவூதியின் பாறைகளில் முதல் இரண்டு ஹிஜ்ரி நூற்றாண்டுகளைச் சேர்ந்த கிறுக்கல்கள் ஏராளம். பெரும்பாலும் பயணிகள் எழுதிய துஆக்கள் (பிரார்த்தனைகள்), பாவமன்னிப்பு வேண்டல்கள். 1999இல் அல்-உலா பக்கம் பழைய பாதையில் ஒரு செம்பாறையில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எந்த அரசரும் வெட்டச் சொன்னது இல்லை, அவ்வழியே போன ஒருவர் தானாக நின்று எழுதியது. இரண்டாம் கலீஃபாவின் மரணத்துக்குக் கையில் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுதான். அதில் இருப்பது இவ்வளவுதான்: "இறைவன் பெயரால். நான் ஸுஹைர். உமர் இறந்த வேளையில் எழுதினேன், ஆண்டு இருபத்து நான்கு."